முதல் மேயரின் வம்சாவளி

கல்யாணமாகிப் போன அக்காவின் பெயரை விட்டுவிடச் சொல்லாத குடும்பம் என் கடைக்கு அபூர்வமாகத்தான் வரும். “அவளுக்கு அப்பவே நகை போட்டு அனுப்பியாச்சு சார், அவ பேரு இதுல எதுக்கு?” என்பார்கள். 2005-லேயே சட்டம் மாறிவிட்டது, நாளைக்கு அந்த அக்கா கோர்ட்டுக்குப் போனால் இந்தக் காகிதம் நிற்காது என்று எடுத்துச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். புத்தி சுவாதீனமில்லாத தங்கை, ஓடிப்போன தம்பி, அப்பாவின் இன்னொரு வீட்டுப் பிள்ளை எல்லாரும் இப்படித்தான். கேட்டு வாங்கினால்தான் வாயிலிருந்து வருவார்கள்.

கடை பெங்களூரு ஈஜிபுராவில். 2017-ல் எழும்பத் தொடங்கிய மேம்பாலத் தூண்கள் வரிசைகட்டி நிற்கும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். வாடகை ஒப்பந்தம், அஃபிடவிட், பெயர் மாற்றம் எல்லாம் அடித்துக் கொடுக்கிறேன். நம்மூரில் வாரிசு சர்டிபிகேட் என்பார்கள். கர்நாடகத்தில் அதற்கு முன்னால் வம்சவிருட்சம் கேட்பார்கள். உச்சியில் மூலபுருஷர், பக்கத்தில் மனைவி, கீழே பிள்ளைகள், இறந்தவர் பெயருக்கு முன்னால் ‘லேட்’, ஒவ்வொரு ‘லேட்’டுக்கும் ஒரு டெத் சர்டிபிகேட். மூன்று தலைமுறைக்கு மேல் போனால் பெரும்பாலும் சர்டிபிகேட்டும் இருக்காது, பெயரும் இருக்காது.

ஈஜிபுராவுக்குக் காகிதத்தின் அருமை தெரியும். 2013 ஜனவரியில் இங்கே பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான ஈ.டபிள்யூ.எஸ். குடியிருப்பை இடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவில் நின்றன. பாதிக்கு மேல் தமிழ் பேசுகிற முகங்கள். ஆரம்பத்தில் வீடு ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலில் உன் பெயர் உண்டா, உன் அப்பா பெயர் உண்டா என்பதுதான் அப்போது பேச்சு. பட்டியலில் இல்லாதவர்கள் எத்தனை வருஷம் அங்கே குடியிருந்தாலும் வெளியாள்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் நான் சென்னையில், பாரிமுனையில் டைப்பிஸ்ட். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஒரு கல்லறை உண்டு. கூம்பாக உயர்ந்து, மேலே போகப் போகக் கூராகும் பழைய கட்டடம். அதன் நிழலில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டவர்களுக்கு அது ஒரு நிழல், அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் இருவர்: 1680-ல் இறந்த ஜோசப் ஹிம்னர்ஸ் என்ற கம்பெனி அதிகாரி, டேவிட் யேல் என்ற சின்னப் பையன். ஹிம்னர்ஸின் விதவை கேத்தரின், கணவர் போன ஆறு மாதத்துக்குள் எலிஹு யேல் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பையன் அவர்கள் பிள்ளை. முதல் கணவரோடு இரண்டாம் கணவரின் மகன் ஒரே குழியில். வம்சவிருட்சத்தில் இதை எப்படிக் கட்டம் போடுவது என்று யோசித்துப் பார்த்ததில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

எலிஹு யேல் 1649-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். அவருடைய பாட்டி ஆன், கணவர் இறந்த பிறகு தியோஃபிலஸ் ஈட்டனை மணந்தார். ஈட்டன் நியூ ஹேவன் குடியேற்றத்தின் முதல் ஆளுநர். இவர்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் கத்தோலிக்கச் சாயல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் துடைத்தெடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, முடியாமல் கடல் தாண்டிப் போனவர்கள். போன இடத்திலும் சண்டை ஓயவில்லை. கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வேதப்படி சரியல்ல என்று ஆன் பாட்டி சொல்லப்போக, ஆளுநர் பெண்டாட்டி என்றும் பார்க்காமல் சபையை விட்டு நீக்கினார்கள். ஈட்டனோடு வந்த, ஆனின் முதல் கணவர் வழிப் பிள்ளைகளில் டேவிட் பாஸ்டனுக்குப் போய், பிறகு குடும்பத்தோடு இங்கிலாந்துக்கே திரும்பினார். அவர் மகன்தான் எலிஹு. டேவிட்டின் தம்பி தாமஸ் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார். இன்றைக்கு அமெரிக்காவில் யேல் என்ற பெயரோடு இருப்பவர்கள் அந்தச் சித்தப்பா வழி. நம் வீட்டுக் கதவில் தொங்கும் யேல் பூட்டுக்குப் பெயர் தந்த லைனஸ் யேலும் அந்தக் கிளைதான்.

எலிஹுவின் ஆண் வழி பாரிமுனைக் கல்லறையோடு முடிந்தது. முறைப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டும். ஹிரோனிமா த பைவா என்ற போர்த்துக்கீசிய யூத விதவையோடு அவர் வாழ்ந்தார். அவளுக்குச் சார்லஸ் என்று ஒரு மகன். எந்த மரத்திலும் அவனுக்குப் புள்ளிக்கோடுதான். பெண்கள் மூவரில் இருவர் பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். 1718-ல் லண்டனிலிருந்து எலிஹு அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் அரசர் முதலாம் ஜார்ஜின் படமும் நியூ ஹேவனில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தன. சரக்கு விற்று வந்தது சுமார் 562 பவுண்டு. ஒரு பெயருக்கு இவ்வளவு மலிவான விலை நான் கேட்டதில்லை.

யேலைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. என் கேஸ் வேறு. அவருக்கு அடுத்து ஆளுநராக வந்தவரும் அமெரிக்காவில் பிறந்தவர்தான்: நத்தானியேல் ஹிக்கின்சன். சென்னையின் முதல் மேயர். மவுண்ட் ரோட்டிலும் நம் எம்.ஜி. ரோட்டிலும் இருக்கிற ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது 1844-ல் தொடங்கிய வேறு ஆளின் கடை. பெயர் பாதி ஒத்துப்போனால் உறவு கட்டிவிடுவது என் வாடிக்கையாளர்கள் செய்கிற வேலை.

மூலபுருஷர் பிரான்சிஸ் ஹிக்கின்சன். கேம்பிரிட்ஜில் படித்த பாதிரியார். லெஸ்டர்ஷயரில் கிளேபுரூக் என்ற ஊரில் பிரசங்கம் செய்தவர். 1629 ஏப்ரலில் மனைவி மக்களோடு டால்பட் என்ற கப்பலில் ஏறினார். பயணத்தைப் பற்றி அவரே எழுதிவைத்திருக்கிறார். பாதிக் கடலில் அவருடைய நாலு வயது மகள் மேரி பெரியம்மையில் இறந்தாள், கடலிலேயே விட்டார்கள். ஜூன் கடைசியில் மாசசூசெட்ஸ் சேலத்தில் இறங்கினார். நம் சேலத்தைப் போலவே எழுதுகிற ஊர், மாங்காய் கிடைக்காது. அந்த ஊரின் முதல் குருமார்களில் ஒருவரானார். புதிய நாட்டின் மண்ணையும் காற்றையும் புகழ்ந்து அவர் எழுதியது 1630-ல் லண்டனில் அச்சாகி வெளிவந்தது. அந்த நல்ல காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அதே 1630 ஆகஸ்டில் இறந்துபோனார்.

நம் ஆட்களுக்கு மூன்று தலைமுறையோடு நின்றுவிடுகிற மரம் இவர்களுக்கு மட்டும் நானூறு வருஷம் ஓடுவது எப்படி என்று கேட்கத் தோன்றும். பணம், அதிகாரம் எல்லாம் உண்டுதான். ஆனால் காரணம் இன்னொன்று இருக்கிறது. அவர்கள் சபையில் யார் வேண்டுமானாலும் உறுப்பினராகிவிட முடியாது. தன் மனமாற்றத்தைச் சபைக்கு முன்னால் நின்று சொல்லி, அவர்கள் நம்பினால்தான் சேர்ப்பார்கள். உறுப்பினரின் பிள்ளைக்குத்தான் ஞானஸ்நானம். அந்தப் பிள்ளை வளர்ந்து, மனமாற்றம் எதுவும் சொல்லாமலே கல்யாணம் செய்து, அதற்கொரு பிள்ளை பிறந்தால்? அந்தப் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டா இல்லையா என்று 1662-ல் ஒரு மாநாடே கூட்டி, பாதிக் கதவைத் திறந்துவிட்டார்கள். யாருக்கு யார் பிள்ளை என்பது சொர்க்கத்தின் வாசல்வரை போகிற கேள்வியாகிவிட்டது, அதனால் எழுதினார்கள். மாசசூசெட்ஸில் 1639-லேயே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டாகிவிட்டது. தேவையில்லாமல் யாரும் வம்சவிருட்சம் எழுதுவதில்லை. இதை நான் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து கண்டுகொண்டது, அவர்களுக்கும் பொருந்துகிறது.

பிரான்சிஸின் மகன் ஜான் 1616-ல் பிறந்தவர். கில்ஃபர்டு என்ற ஊரில் குருவாக இருந்தார். அந்த ஊரை நிறுவிய ஹென்றி விட்ஃபீல்டின் மகள் சாராவைக் கட்டினார். மாமனார் 1639-ல் கட்டிய கல்வீடு இன்னமும் நிற்கிறது, இப்போது அருங்காட்சியகம். அந்த ஊரில்தான் 1652-ல் நத்தானியேல் பிறந்தார். 1660-ல் ஜான் தன் அப்பா குருவாக இருந்த சேலத்துக்கே குருவாகப் போனார். மகன் ஹார்வர்டில் படித்தார். 1670-ல் அங்கே பட்டம் வாங்கியவர்கள் மொத்தம் நான்கு பேர். அந்த நாலில் இன்னொருவர் ஜார்ஜ் பரோஸ். அவர் பெயரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நத்தானியேல் 1674-ல் இங்கிலாந்து போனார். பியூரிட்டன் பிரபு வார்ட்டனின் வீட்டில் காரியஸ்தராகவும் பிள்ளைகளுக்கு வாத்தியாராகவும் சில வருஷம், லண்டன் கோட்டை நாணயச் சாலையில் கொஞ்ச காலம். 1683-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகச் சென்னைக்குக் கப்பல் ஏறினார். தாத்தா மேற்கே போனதற்குக் காரணம் தேவன். பேரன் கிழக்கே வந்ததற்குக் காரணம் சம்பளம், அதைவிடச் சொந்த வியாபாரம்.

1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன், ஆல்டர்மென் பன்னிரண்டு பேர், அவர்களுக்குக் கீழே அறுபது நகர்மன்ற உறுப்பினர்கள். பன்னிருவரில் வெள்ளைக்காரக் கம்பெனிக்காரர்களோடு போர்த்துக்கீசியரும் யூதரும் நம்மவர்களும் இருந்தார்கள். சின்ன வெங்கடாத்ரி, முத்து வீரண்ணா, அலங்காத்தா பிள்ளை. தங்கசாலைத் தெருவில் ஏகாம்பரேஸ்வரர் கோயிலைக் கட்டியவர் என்று சொல்லப்படுகிற அலங்காத்தா பிள்ளைதான் அவர். சேலத்துப் பாதிரியார் பேரன் தலைமையில், சிவன் கோயில் கட்டியவர் உறுப்பினராக உட்கார்ந்த சபை. அந்த மேசையில் இருந்தவர்களில் ஒருவருக்கு நானூறு வருஷ வம்சாவளி அச்சில் கிடைக்கிறது. மற்றவருக்குக் கோயில் இருக்கிறது.

1692-க்கு வருவோம். அந்த ஆண்டு இந்தக் குடும்பத்துக்கு இரண்டு கண்டத்தில் நடந்தது. மே மாதம் நத்தானியேல் சென்னையில் எலிசபெத் ரிச்சர்ட்ஸ் என்ற பெண்ணைக் கைப்பிடித்தார். அதே கோடையில் சேலத்தில் சூனியக்காரி வேட்டை. ஜூன் மாதம் கைதானவர்களில் ஆன் டாலிவர் என்று ஒருத்தி: குரு ஜான் ஹிக்கின்சனின் மகள், நம் மேயரின் கூடப் பிறந்தவள். புருஷன் கைவிட்டுப் போய், பிள்ளைகளோடு அப்பா வீட்டில் இருந்தவள், மனம் சரியில்லாதவள். மெழுகில் பொம்மை செய்தாயா என்று கேட்டார்கள். எப்போதோ செய்ததாகச் சொன்னாள். தன்மேல் யாரோ ஏவல் வைத்திருக்கிறார்கள் என்று பயந்து, அதைத் திருப்பச் செய்தாளாம். நம்மூரில் ஏவல் எடுக்கப் போகிறவர்கள் சொல்வதும் இதேதான். ஊரில் மாஜிஸ்திரேட்டாக விசாரணை மேசையில் உட்கார்ந்தவர்களில் அவளுடைய இன்னொரு அண்ணன், வியாபாரி ஜானும் ஒருவர். அவள் தூக்குக்குப் போகவில்லை, பிழைத்துக்கொண்டாள். ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிடப்பட்டவர்களில் ஜார்ஜ் பரோஸ் இருந்தார். ஹார்வர்டில் நத்தானியேலோடு பட்டம் வாங்கிய அதே ஆள், அவரும் குருதான்.

அக்டோபர் 23-ல் நத்தானியேல் சென்னைக் கோட்டையின் ஆளுநர். ஒரே வகுப்பில் பட்டம் வாங்கிய நாலு பேரில் ஒருவர் கழுத்தில் கயிறு, இரண்டு மாதம் கழித்து ஒருவர் கையில் கோட்டைச் சாவி. கடிதம் போக வரப் பல மாதம் ஆகிற காலம். சாவியை வாங்கிய நேரத்தில் தங்கை சிறைப்பட்ட விவரம் அவர் காதுக்கு எட்டியிருக்க முடியாது.

கடிதங்கள் பிறகு வந்தன. அவற்றில் பல இன்றும் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தொகுதிகளில் அச்சில் கிடைக்கின்றன. எண்பது தாண்டிய அப்பா, 1698-ல் மகனுக்கு எழுதியதில் குடும்பக் கணக்கையே ஒப்பிக்கிறார்: இன்ன பிள்ளை இன்ன இடத்தில் இறந்தான், இன்னவள் நிலைமை இது, ஆனின் புருஷன் இப்படி, அவள் மனநிலை இப்படி. படிக்கிறபோது என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பெரியவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பதுபோல இருக்கும். ஒரு வித்தியாசம், இந்தப் பெரியவர் அந்தப் பெண் பெயரை விடவில்லை. அவள் சோற்றுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். பணம் இருக்கிற மகன் சென்னையில். அண்ணன் ஜானின் கடிதமோ முழுக்க வியாபாரம். சேலத்து மீன் எந்த ஊருக்குப் போகிறது, இந்தியச் சரக்கு இங்கே என்ன விலை போகிறது, மஸ்லின் துணிக்கு எவ்வளவு கிராக்கி என்று கணக்குப் போடுகிறார். மஸ்லினைப் பற்றி எழுதிய கையும் தங்கை காலத்து விசாரணை மேசையில் இருந்த கையும் ஒன்று. குடும்பம் என்றால் இப்படித்தான். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

நத்தானியேலின் ஆட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை மூன்றும் கம்பெனி கைக்கு வந்தன. செஞ்சியை முற்றுகையிட்டிருந்த முகலாயத் தளபதி சுல்பிகர் கானோடு அனுசரித்துப் போவதே பெரிய வேலையாக இருந்தது. பதவி பறிபோன யேல் ஊரை விட்டுப் போகாமல் 1699 வரை சென்னையிலேயே வழக்கும் வம்புமாக இருந்தார். 1698 ஜூலையில் தாமஸ் பிட் வந்து பொறுப்பேற்றார். ஹிக்கின்சன் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

தேதி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், என் தொழில் அப்படி. அன்றைய ஆங்கிலேயருக்கு மார்ச் 25-ல்தான் வருஷப் பிறப்பு. 1752-ல்தான் ஜனவரிக்கு மாறியது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்கு வேலை தொடங்கிய நாளும் 1678 மார்ச் 25. 1680 அக்டோபரில் அது திறக்கப்பட்டது; பதிவேட்டில் முதல் திருமணம் யேலுக்கும் கேத்தரினுக்கும். சிறுவன் டேவிட் இறந்தது நம் கணக்கில் 1688 ஜனவரி. கோட்டைக் கணக்கில் அது 1687. இது தெரியாமல் கணக்குப் போட்டவர் அந்தப் பையனின் ஆயுளில் ஒரு வருஷத்தைக் குறைத்துவிடுவார். டெத் சர்டிபிகேட்டில் ஒரு நம்பர் மாறினால் எத்தனை மாதம் அலைய வேண்டும் என்று ஈஜிபுராவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாரிமுனைக் கல்லறை இருக்கிற பழைய இடுகாட்டுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் கல்லறைகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் பெயர்த்துக்கொண்டு போய்த் தேவாலயத்தைச் சுற்றித் தளமாகப் பதித்துவிட்டார்கள். லத்தீன், போர்த்துக்கீசியம், ஆங்கிலம் என்று வெயிலில் காயும் அந்தப் பெயர்களின் மேல்தான் இன்றைக்கும் ஜனங்கள் நடந்து உள்ளே போகிறார்கள். எலும்பு ஓரிடம், பெயர் ஓரிடம். தப்பித்த இரண்டொன்றில் ஹிம்னர்ஸ்–யேல் கல்லறை ஒன்று. அதையும் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று அகற்றச் சொல்லி 2023-ல் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார்.

இந்த மரத்தை அச்சில் வரைந்தவர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன். மூலபுருஷர் பிரான்சிஸின் வழிவந்தவர், எழுத்தாளர், எமிலி டிக்கின்சனோடு கடிதம் எழுதிக்கொண்டவர். அடிமை முறையை ஒழிக்கப் போராடியவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் விடுதலையான கறுப்பின அடிமைகளின் படைப்பிரிவுக்குக் கர்னலாக இருந்தவர். 1891-ல் பிரான்சிஸின் வாழ்க்கையையும் 1910-ல் அவர் சந்ததியாரின் பட்டியலையும் வெளியிட்டார். அவ்வளவு நல்ல மனிதர் வரைந்த மரத்தின் வேர்ப்பக்கம் ஒரு விஷயம் கிடக்கிறது. 1680-களில் சென்னையில் அடிமை வியாபாரம் நடந்தது. யேல் ஆளுநராக இருந்த கவுன்சில், ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றி அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்தது. செயின்ட் ஹெலினா தீவுக்காக. பஞ்ச காலம்; விற்றவர்களும் விற்கப்பட்டவர்களும் நம் பக்கத்து ஜனங்கள். அந்தக் கவுன்சிலில் ஹிக்கின்சனும் உறுப்பினர். 1688-ல் முகலாய அதிகாரிகளின் நெருக்கடியால் அதை நிறுத்தினார்கள். ‘பத்து’ என்று எண்ணிக்கை எழுதத் தெரிந்த குமாஸ்தாவுக்குப் பெயர் எழுதத் தோன்றவில்லை. யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்கு மன்னிப்புக் கேட்டது. யாரிடம் கேட்டது என்று என்னைப் போன்ற ஒரு டாக்குமென்ட் ரைட்டர் கேட்டால் தப்பில்லை. வாரிசுப் பட்டியல் இல்லாத இடத்தில் நோட்டீஸ் சர்வ் பண்ண முடியாது.

லண்டன் போன நத்தானியேல் பிறந்த ஊரை மறந்துவிடவில்லை. 1707-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜோசப் டட்லியை நீக்கக் கோரி ஆன் ராணியிடம் கொடுத்த மனுவில் அவர் கையெழுத்து இருக்கிறது. அடுத்த வருஷம் அக்டோபர் 31-ல் பெரியம்மையில் இறந்தார். மேரி அத்தையைக் கடலில் கொண்டுபோன அதே நோய். சீப்சைடு போ தேவாலயத்தில் புதைத்தார்கள். சேலத்தில் அப்பா ஜான் டிசம்பர் 9-ல் இறந்தார், வயது 92. இடையில் ஐந்தரை வாரம். குளிர்காலத்து அட்லாண்டிக்கைக் கடந்து அந்தச் சேதி கிழவரை எட்டியிருப்பது சந்தேகம்தான். ஆனால் சட்டத்துக்கு அதெல்லாம் கிடையாது. இந்த மரத்தை நான் அடித்துக் கொடுப்பதாக இருந்தால் நத்தானியேல் கட்டத்தில் ‘தகப்பனுக்கு முன்பே காலமானார்’ என்று போட்டு, அவர் மனைவி மக்களை அவர் இடத்துக்கு ஏற்றுவேன். பக்கத்துக் கட்டத்தில் ஆன் டாலிவர், அவள் பிள்ளைகளோடு. அவள் பேரை விடச் சொல்லி யார் வந்து நின்றாலும் விட மாட்டேன்.